புல் சிக்கினால் கத்தியைப் பாருங்கள்

இன்றைய அரங்கில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது புல் வெட்டும் இயந்திரம். வீட்டு வாசலில் புல் வெட்டுகிறோமே, அந்தச் சிறிய மெஷின் அல்ல. டிராக்டரின் பக்கவாட்டில் பொருத்தி, மாட்டுத் தீவனத்துக்காக ஏக்கர் கணக்கில் புல்லை வெட்டிச் சாய்க்கும் இயந்திரம். அது ஏன் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, அடைக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

நம் பக்கத்தில் ஆண்டு முழுவதும் பச்சைப் புல் கிடைக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அப்படி இல்லை. பால் பண்ணைகளுக்குப் பேர்போன அந்த மாநிலத்தில் குளிர்காலம் நீண்டது. கோடையில் புல்லையும், தமிழ்நாட்டில் குதிரை மசால் என்று சொல்லும் அல்ஃபால்ஃபாவையும் வெட்டி, வெயிலில் காயவைத்து, கட்டுகளாகக் கட்டிச் சேமித்தால்தான் மாடுகள் பனிக்காலத்தைத் தாண்டும். வெட்டிய புல் காய்வதற்குச் சுமார் மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். இடையில் மழை வந்தால் சத்து கரைந்துவிடும், பூசணம் பிடிக்கும். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று நம் பெரியவர்கள் சொன்னது அந்த விவசாயிக்கு அப்படியே பொருந்தும்.

இந்த அவசரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. மெஷின் அடைத்துக்கொள்கிறது. கீழே இறங்கி, எஞ்சினை நிறுத்தாமலே, சிக்கிய புல்லைக் கையால் பிடுங்கத் தோன்றும். விரலையும் கையையும் பறிகொடுத்தவர்கள் பலர் இப்படித்தான் பறிகொடுத்தார்கள். ஒரு நாளில் இருபது முறை அடைத்தால் இருபது முறை அந்தச் சபலம் வரும். ஆகவே மெஷினைச் சரியாகப் பூட்டி வைப்பது நேரத்தை மட்டும் மிச்சப்படுத்தும் காரியம் அல்ல.

அடைப்பு வந்தவுடன் பெரும்பாலோர் சொல்வது, “புல் ரொம்ப அடர்த்தி.” எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நல்ல நிலையில் உள்ள மெஷின் அடர்ந்த புல்லையும் வெட்டிவிடும். தேய்ந்த மெஷின் மெல்லிய புல்லில்கூட நின்றுவிடும். சொல்லப்போனால், தடித்த தண்டைவிட மெல்லிய, ஈரமான புல்தான் அதிகம் சிக்கும்.

காரணம் என்ன? முடிதிருத்தும் கடையில் பயன்படுத்தும் மெஷினை நினைத்துப் பாருங்கள். அசையாத பல் வரிசை ஒன்று, அதன்மேல் இடமும் வலமும் ஓடும் பல் வரிசை ஒன்று. இரண்டும் ஒட்டி ஓடினால் முடி வெட்டுப்படும். இடைவெளி விழுந்தால் முடியைப் பிடித்து இழுக்கும், கண்ணில் தண்ணீர் வரும். தையற்காரரின் கத்தரிக்கோலும் அப்படித்தான். திருகு தளர்ந்தால் துணி இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து மாட்டிக்கொள்கிறது அல்லவா?

டிராக்டரின் கத்திப் பட்டையும் இதே அமைப்புதான். முன்பக்கம் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக்குப் பெயர் கார்டு. ஒவ்வொரு கார்டிலும் ஓர் அடித்தகடு உண்டு. அதன்மேல் முக்கோணப் பற்கள் வரிசையாக ஓடுகின்றன. ஒரு பல்லின் அகலம் 3 அங்குலம். செகிஞ்சானிலோ கெடாவிலோ நெல் அறுவடை இயந்திரத்தைப் பார்த்திருந்தால், அதன் முன்வாயிலும் இதே பல் வரிசைதான்.

அடைப்பும் இந்த மெஷினோடு கூடவே பிறந்தது. 1833-இல் அறுவடை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஓபெட் ஹஸி என்ற அமெரிக்கர், 1847-இல் மறுபடி ஒரு காப்புரிமை வாங்கினார். கார்டில் திறப்பு விட்டு, உள்ளே புகும் தூசும் துரும்பும் வெளியேற வழி செய்ததுதான் அதிலிருந்த விஷயம்.

சரி, எதை முதலில் பார்ப்பது? கூர்மையை. பற்கள் மட்டுமல்ல, கீழே இருக்கும் அடித்தகட்டின் ஓரமும் கூராக இருக்க வேண்டும். பல பேர் மேலே புதுப் பல் மாட்டிவிட்டுக் கீழே பார்ப்பதில்லை. கத்தரிக்கோலின் ஒரு அலகை மட்டும் சாணை பிடித்து என்ன பயன்?

அடுத்தது ஒட்டுதல். பற்களை மேலிருந்து அழுத்திப் பிடிக்கச் சில கிளிப்புகள் இருக்கும். அவை தேய்ந்து தூக்கிக்கொண்டால் பல் அடித்தகட்டை விட்டு எழும்பும். அந்த இடைவெளியில்தான் புல் மடிந்து நுழைகிறது. சுத்தியலால் மெல்லத் தட்டிக் கிளிப்பை இறக்கலாம். கத்தி இறுகாமல் சுலபமாக ஓட வேண்டும், ஆனால் துள்ளக் கூடாது. அதோடு பட்டையின் ஒரு முனையில் குனிந்து மறுமுனை வரை ஒரு கண்ணால் பாருங்கள். கல்லில் மோதி வளைந்த கார்டு ஒன்று வரிசையிலிருந்து இறங்கியோ ஏறியோ நிற்பது தெரியும். அந்த இடத்தில்தான் தினமும் சிக்கியிருக்கும்.

மூன்றாவது, நேர்நிற்றல். கத்தி ஓடித் திரும்பும் இரு முனைகளிலும் ஒவ்வொரு பல்லின் நடுவும் ஒரு கார்டின் நடுவுக்கு நேராக வர வேண்டும். விலகினால் ஒரு பக்கம் வெட்டு குறைவாக விழும், வெட்டுப்படாத புல் அங்கேயே திரளும்.

இதோடு சேர்ந்தது பட்டையின் சாய்வு. ஓடும்போது புல்லின் எதிர்ப்பு பட்டையின் வெளிமுனையைப் பின்னுக்குத் தள்ளும். அதற்காக வெளிமுனையைக் கொஞ்சம் முன்னே வைத்துப் பூட்டுவார்கள். வழக்கமான கணக்கு, ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம். 7 அடிப் பட்டை என்றால் ஒன்றே முக்கால் அங்குலம். அளக்கும் முன் வெளிமுனையைக் கையால் பின்னுக்கு இழுத்து, மூட்டுகளின் ஆட்டத்தை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும்.

வேகத்துக்கு வருவோம். டிராக்டர் மணிக்கு 8 கிலோமீட்டரில் போனால் வினாடிக்கு 2.2 மீட்டர். கத்தி வினாடிக்கு 30 முறை குறுக்கே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் புல் வருகிறது. அது கிட்டத்தட்ட ஒரு பல்லின் அகலம். எஞ்சின் சுற்றைக் குறைத்துவிட்டு, கியரை உயர்த்தி அதே வேகத்தில் போனால் கத்தியின் ஓட்டம் குறையும். அதே பல் அதிகப் புல்லை விழுங்க வேண்டிவரும். அடர்ந்த இடத்தில் செய்ய வேண்டியது, கியரைக் குறைத்து, எஞ்சின் சுற்றைக் குறையாமல் வைத்திருப்பது.

எப்போதும் பட்டையின் உள்முனையிலேயே அடைத்தால் கத்தியைக் குறை சொல்லாதீர்கள். வெளிமுனையில் ஒதுக்குப் பலகை என்று ஒன்று இருக்கும். வெட்டிய புல்லை உள்பக்கம் புரட்டி, அடுத்த சுற்றில் உள்முனை ஓடுவதற்குத் தடம் விடுவது அதன் வேலை. பலகை உடைந்தோ வளைந்தோ இருந்தால், ஏற்கெனவே வெட்டிய புல்லின்மேலேயே பட்டை ஏறும். பனி ஈரமும் கவனிக்க வேண்டிய ஒன்று. கையரிவாளுக்கு விடியற்காலை ஈரம் நல்லது என்பார்கள். இந்தப் பட்டைக்கு ஈரம் உலர்ந்த புல்தான் நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் சில நேரம் சிக்கத்தான் செய்யும். அப்போது நின்று, கொஞ்சம் பின்னால் வந்து பாருங்கள், பாதி அடைப்பு தானே உதிரும். உதிராவிட்டால் பி.டி.ஓ-வைத் துண்டித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். பி.டி.ஓ என்பது டிராக்டரிலிருந்து மெஷினுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு. அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு 9 சுற்று. 7.5 சென்டிமீட்டர் பருமனுள்ள தண்டில் சட்டை நுனி மாட்டினால் ஒரே வினாடியில் 2 மீட்டர் துணியைச் சுற்றிவிடும். எஞ்சினை நிறுத்திய பிறகும் சிக்கிய புல் கத்தியை விசையோடு இறுக்கிப் பிடித்திருக்கலாம். புல்லை எடுத்ததும் கத்தி சட்டென்று நகரும். ஆகவே கையை நீட்டாமல் குச்சியால் எடுப்பது நல்லது.

இன்று பல பண்ணைகளில் வட்டத்தட்டு மெஷின்கள் வந்துவிட்டன. அவை கத்தரிப்பதில்லை. வேகத்தால் அறுக்கின்றன. கத்தி முனை மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல் பறக்கிறது. அடைப்பு மிகவும் குறைவு, ஆனால் எஞ்சினை நிறுத்தியபின்னும் தட்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும், முழுதாக நிற்கும்வரை அருகே போகக் கூடாது. மழுங்கிய கத்தியை மாற்றும்போது ஒரு தட்டிலுள்ள கத்திகளைச் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையேல் எடை ஏறுமாறாகித் தட்டு அதிரும். வலம் சுற்றும் தட்டுக்கு ஒரு கத்தி, இடம் சுற்றும் தட்டுக்கு வேறொரு கத்தி. இடம் மாற்றி மாட்டினால் அறுக்க வேண்டிய முனை புல்லில் சரியாகப் படாது.