கோடு ஓரத்தில் உட்கார்ந்தவர்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலப்பன்சாவடிக்காரன் நல்ல கூடைப்பந்து பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். அப்போது எங்கள் ஊர் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு நிறுத்தம், திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குத் திரும்பும் முனை, அவ்வளவுதான். 1988-ல் சவீதா பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது; மதுரவாயல் பக்கம் டாக்டர் எம்.ஜி.ஆர். பொறியியல் கல்லூரியும் அதே ஆண்டில் தொடங்கியிருந்தது. ஆனாலும் நாங்கள் தேடிப்போன ஆட்டமெல்லாம் சென்னைப் பட்டணத்துக்குள்தான். லயோலாவில் பெர்ட்ரம் நினைவுப் போட்டி என்று தெரிந்தால் போதும், தெருப் பையன்கள் பாரிமுனை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு அமைந்தகரையில் இறங்குவோம். அங்கிருந்து நெல்சன் மாணிக்கம் சாலை நெடுக நடை. பெர்ட்ரம், 1925-ல் அந்தக் கல்லூரியை நிறுவிய பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார். எங்களுக்கு அந்தப் பெயர் ஒரு திருவிழாவின் பெயர் மாதிரி.

சிமென்ட் தரை. வெயிலில் வெளுத்துப்போன வெள்ளைக் கோடுகள். ஓரத்தில் ஒரு மர மேசை, அதன்மேல் ஸ்டாப் வாட்ச், ஸ்கோர் ஷீட், புரட்டிப் போடுகிற எண் அட்டைகள். கோட்டுக்கு ஓரடி தள்ளித் தரையில் சம்மணம் போட்டு உட்காருவோம். வெளியே போகும் பந்து மடியிலேயே வந்து விழும். ஷூ தரையில் தேய்கிற சத்தமும், தடுப்பாட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்வதும் தெளிவாகக் கேட்கும். யாருக்கு எத்தனை ஃபவுல் என்பது எங்கள் விரல்களில் இருக்கும். ஐந்தாவது ஃபவுலில் நல்ல ஆட்டக்காரர் வெளியேறும்போது, எதிரணி ரசிகர்களும் சேர்ந்து கை தட்டி அனுப்புவார்கள்.

ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் தவறாமல் வருவார். “தம்பி, பந்தையே பாக்காதப்பா. பந்து இல்லாதவன் எங்க ஓடுறான்னு பாரு, அதுதான் ஆட்டம்” என்பார். கூடைப்பந்து பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மைதானத்தில் பயிற்சியாளர் இருப்பது போலப் பார்வையாளர்களுக்குள்ளும் ஓர் ஆசான் இருந்த காலம் அது.

அன்றைய ஆட்டத்துக்கும் இன்றைய ஆட்டத்துக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம். அப்போது இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. பந்து கையில் வந்தால் கூடையை நோக்கி எறிய முப்பது விநாடி அவகாசம். 2000-ல் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு அதை 24 விநாடியாகக் குறைத்தது. ஆட்டத்தையும் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி ஆக்கியது. ஆறு விநாடி குறைந்ததில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். பந்தை மெதுவாகத் தட்டிக்கொண்டு வந்து, வட்டம் சுற்றி விளையாடிய பழைய பாணியே அதில் அடிபட்டுப் போனது. 2010-ல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளிப் போனது. தூரம் கூடியும் பையன்கள் அஞ்சவில்லை. இப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டுப் பையன்கூடக் கோட்டுக்கு அப்பாலிருந்து கூசாமல் த்ரீ போடுகிறான். ஆட்டம் அன்றைவிட இன்று நன்றாக இருக்கிறது. பழைய ரசிகர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் மனதாரச் சொல்வேன்.

பெண்கள் ஆட்டத்தில் இந்த முன்னேற்றம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. சென்னைப் பெண் அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைவியானார், ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்களில் ஆடினார். குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்து, 2017-ல் பெங்களூருவில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்ற அணியிலும் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ. அன்று பெண்கள் ஆட்டம் என்றால் எழுந்து டீ குடிக்கப் போனவர்களை எனக்குத் தெரியும். இன்று பெண்கள் ஆட்டத்துக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் சாலையும் மாறிவிட்டது. எம்.ஜி.ஆர். கல்வி நிறுவனம் 2003-லும் சவீதா 2005-லும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆயின. நிகர்நிலை என்றால், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குத் தனி அணி அனுப்பலாம். முன்பு இந்த வட்டாரப் பொறியியல், கலைக் கல்லூரிப் பையன்கள் சென்னைப் பல்கலைக்கழக அணியின் பன்னிரண்டு பேரில் ஓரிடம் பிடிக்க முட்டி மோத வேண்டும். இப்போது அணிகள் பெருகிவிட்டன, வாய்ப்பும் பெருகிவிட்டது. நன்றாக ஆடும் ஏழைப் பையனுக்குக் கட்டணமில்லாமல் சீட்டும் விடுதியும் கிடைக்கும் வழி திறந்திருக்கிறது. ஒரு பந்து ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரியை உருவாக்குகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருக்கிறது: பார்க்க ஆள். அக்ரிலிக் போர்டு, சறுக்காத செயற்கைத் தளம், ஒளிரும் கடிகாரம் எல்லாம் வந்துவிட்டன. கோடு ஓரம் வெறிச்சென்று கிடக்கிறது. போன வருடம் ஒரு கல்லூரி வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். “மேட்ச் பார்க்க வந்தேன்” என்றேன். “ஸ்டூடன்ட் பேரன்ட்டா சார்?” “இல்லைங்க, சும்மா பார்க்க.” காவலாளிக்கு அது புரியவே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாதுகாப்பு அவர் பொறுப்பு. உள்ளே நடந்த அரையிறுதியை வீட்டுக்கு வந்து செல்போனில் பார்த்தேன். படம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கேமரா பந்தையேதான் காட்டுகிறது. பந்து இல்லாதவன் எங்கே ஓடுகிறான் என்று பார்க்க வழியில்லை.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தேனி மாவட்டம் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதக் கோடையில் அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. வங்கி அணிகளும் படை அணிகளும் வருகின்றன. மின்விளக்கு வெளிச்சத்தில் குடும்பம் குடும்பமாக ஊரே திரண்டு உட்காருகிறது. அங்கே போய் நின்றபோது, எங்கள் சாலையில் இத்தனை கல்லூரி இருந்தும் இப்படி ஒரு ராத்திரி இல்லையே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. அந்த ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, பந்தைத் தட்டாமல் ஓடும் ‘டிராவலிங்’ தவறு தெரிகிறது. பார்த்துப் பார்த்து வந்த அறிவு அது.

பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். போட்டி நடக்கிற நாட்களில், பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டாவது ஊர்க்காரர்களை உள்ளே விடுங்கள். வாசலில் ஒரு தட்டியும் வையுங்கள். அக்கம்பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடு ஓரத்தில் இடம் கொடுங்கள். தட்டியைப் பார்க்கிறவர்களும் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கி, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள்.