கறியாகும் முன்னே காட்டுங்கள்

இரண்டு வருடத்துக்கு முன், மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டில் சாப்பிடும் மரக்கறிகளை வரைந்து, பெயரும் எழுதிக்கொண்டு வர வேண்டும். மேசையில் இருந்து அரை மணித்தியாலம் வரைந்தாள். கரட், ப்ரொக்கொலி, சோளம், பட்டாணி, உருளைக்கிழங்கு. நிறம் தீட்டி, கீழே பெயரும் எழுதி, வடிவான படம்.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாதான் கேட்டார். "எங்கடை வீட்டிலை ப்ரொக்கொலி எப்ப காய்ச்சினது?"

மகள் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள். "அம்மம்மா, நீங்க செய்யிறது வெஜிடபிள் இல்லை. அது கறி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. "அப்ப கறிக்குள்ளை என்ன இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார். பிள்ளை யோசித்து ஒரு பட்டியல் சொன்னாள். பச்சைக் கறி, மஞ்சள் கறி, ப்ரௌன் கறி, பிறகு "அந்தக் குச்சிக் கறி". குச்சிக் கறி முருங்கைக்காய். மற்றவை எவை என்று நாங்கள்தான் ஊகிக்க வேண்டியிருந்தது.

அவளில் பிழை இல்லை என்று பிறகுதான் விளங்கியது. வெள்ளைக்காரர் தட்டில் கரட் கரட்டாகவே கிடக்கும். எங்கள் சமையலில் எல்லாம் வெட்டுப்பட்டு, தேங்காய்ப்பாலிலும் தூளிலும் முழுகி, உருத் தெரியாமல்தான் பிள்ளையின் தட்டுக்கு வருகிறது. கிழமைக்கு ஏழு மரக்கறி சாப்பிடும் பிள்ளை, அதில் ஒன்றையும் முழுசாகக் கண்டதில்லை.

எனக்கே தெரியாது

நாங்கள் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். நான் இங்கேயே பிறந்தவள். அம்மா எங்களோடுதான் இருக்கிறார், சமையலும் அவர் கையில்தான். ஆகவே மகளுக்குத் தெரியாததை அம்மம்மா சொல்லிக்கொடுப்பார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த தை மாதம் அம்மா ஐஸில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு கிழமை கட்டு. கடைக்குப் போவதும் சமைப்பதும் என் தலையில் வந்தது. முதல் சனிக்கிழமை அம்மா சொல்லச் சொல்ல போனில் எழுதிக்கொண்டு போனேன். நீத்துப்பூசணி ஒரு துண்டு, புடலங்காய் ஒன்று, பயத்தங்காய் ஒரு கட்டு, பொன்னாங்காணி.

கடையில் நிற்கிறேன். தட்டுகளில் ஆங்கிலத்தில் பெயர். என் பட்டியல் தமிழில். இரண்டையும் பொருத்த எனக்குத் தெரியவில்லை. நீளமாக, பச்சையாக இருந்த ஒன்றைப் புடலங்காய் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்கு மேலே 'சைனீஸ் ஓக்ரா' என்று போட்டிருந்தது. அம்மா கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, புடலங்காய்க்கு இப்பிடி விளிம்பு இருக்குமே? இது பீர்க்கங்காய். முப்பத்தெட்டு வருஷமாத் திண்டிருக்கிறாய், பேர் தெரியேல்லையே?"

மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் சுட்டது. 'குச்சிக் கறி' என்று அவள் சொன்னபோது சிரித்தவள் நான். அம்மாவுக்குப் பிறகு இந்தப் பெயர்களை அவளுக்குச் சொல்ல வேண்டியவளும் நான். என்னிடமே இல்லாததை எப்படிக் கொடுப்பது? இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கும் இது புதிதாக இருக்காது. எங்களுக்கு ருசி தெரியும், பெயர் தெரியாது. பெயர் தெரிந்தாலும் ஆளைத் தெரியாது.

கிழமைக்கு ஒன்று

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். படம் போட்ட அட்டை வாங்கினேன். மூன்று நாளில் அட்டைகள் சோபாவுக்குக் கீழே போய்விட்டன. படத்தில் பூசணிக்காயும் கத்தரிக்காயும் ஒரே அளவு. பாரமும் இல்லை, மணமும் இல்லை.

பிறகு வேறு வழி எடுத்தோம். சனிக்கிழமை கடைக்குப் போகும்போது, தெரியாத ஒரு மரக்கறியைப் பிள்ளை தெரிவுசெய்ய வேண்டும். ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வந்து முழுசாக அம்மம்மாவின் கையில் கொடுக்க வேண்டும். அம்மம்மா பெயர் சொல்லுவார், எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லுவார், ஊரில் எப்படி வளர்த்தார்கள் என்றும் சொல்லுவார். பிறகுதான் கத்தி.

வெண்டிக்காய் வாங்கும்போது நுனியை மெல்ல முறித்துப் பார்க்க வேண்டும், டக்கென்று முறிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். (கடைக்காரர் பார்க்காத நேரத்தில் என்பது அம்மாவின் சேர்க்கை.) கத்தரிக்காயின் தோல் மினுங்க வேண்டும், காம்பு பச்சையாக இருக்க வேண்டும். புடலங்காய் வளையாமல் நேராக வளர, கொடியில் தொங்கும்போதே நுனியில் சின்னக் கல்லைக் கட்டிவிடுவார்கள். இந்தக் கல்லுக் கதையை மகள் வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாள். புடலங்காய் என்ற சொல்லை அவள் இனி மறக்க மாட்டாள்.

அம்மாவின் கை கட்டில் இருந்த அந்த ஆறு கிழமையும் பிள்ளைகள்தான் அவருக்குக் கை. மகளுக்கு முனை மழுங்கிய சின்னக் கத்தி. அப்போது நான்கு வயதான மகனுக்குக் கத்தி இல்லை. ஆனால் பயத்தங்காயைக் கையாலேயே முறிக்கலாம், கீரையை ஆயலாம், பட்டாணி உரிக்கலாம். பயத்தங்காயை அளந்தளந்து முறித்த அன்று, கறி மேசைக்கு வந்ததும் அவன் கத்தினான்: "இது நான் செய்த பயத்தங்காய்!" பச்சைக் கறிக்கு அன்றைக்குப் பெயர் வந்தது.

பெயரிலேயே பாடம்

இப்படிச் செய்துகொண்டு போகும்போது ஒன்று எனக்கே புதிதாகத் தெரிந்தது. தமிழில் பெயரின் வாலைப் பார்த்தாலே, செடியின் எந்தப் பகுதியைச் சாப்பிடுகிறோம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். முருங்கைக்காய், கத்தரிக்காய் என்றால் காய். மரவள்ளிக்கிழங்கு, உருளைக்கிழங்கு என்றால் மண்ணுக்குக் கீழே. முளைக்கீரை, வல்லாரைக்கீரை என்றால் இலை. வாழையை மட்டும் எடுத்தாலே ஒரு பாடம் நடத்தலாம். வாழைக்காய், வாழைப்பழம், வாழைப்பூ (அம்மா வாழைப்பொத்தி என்பார்), வாழைத்தண்டு, சாப்பிட வாழையிலை.

காரில் போகும்போது இதை விளையாட்டாக்கினோம். நான் பெயர் சொல்ல, அவர்கள் "மேலே", "கீழே", "இலை" என்று கத்த வேண்டும். ஒருநாள் மகள் என்னை மடக்கினாள். "வெங்காயம் காயா?" இல்லை, அது வெங்-காயம். பெருங்காயத்தில் வருகிற காயம். மண்ணுக்குள் விளைவது. கீழே!

மிளகாயில் ஒரு வரலாறே இருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் கப்பல்கள் வந்த பிறகுதான் எங்கள் பக்கம் பரவியது. அதற்கு முன் எங்கள் உறைப்பு மிளகுதான். புதிதாக வந்த காயும் மிளகு மாதிரி உறைத்ததால் மிளகு-காய், மிளகாய். உருளைக்கிழங்கும் தக்காளியும்கூட அந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதான். "அப்ப அவையும் எங்களை மாதிரி இமிகிரன்ட்ஸா?" என்றாள் மகள். ஓம் என்றேன்.

தக்காளி காயா பழமா என்ற சண்டை எல்லா வீட்டிலும் வரும். அம்மா தக்காளிப்பழம் என்றே சொல்லுவார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் இந்தச் சண்டை போயிருக்கிறது. அப்போது அங்கே இறக்குமதியாகும் மரக்கறிக்கு வரி இருந்தது, பழத்துக்கு இல்லை. தக்காளி பழம்தானே, ஏன் வரி என்று வியாபாரிகள் கேட்டார்கள். தாவரவியல்படி பழம்தான், ஆனால் சனங்கள் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுவதால் வரிச் சட்டத்துக்கு அது மரக்கறி என்று 1893ல் தீர்ப்பு வந்தது. எங்கள் வீட்டு நீதிமன்றத்தில் அம்மா தீர்ப்பை ஏற்கவில்லை.

எந்தப் பெயர் சரி?

தமிழ் வகுப்புப் புத்தகத்தில் வெண்டைக்காய் என்று இருந்தது. மகள் அம்மம்மாவைத் திருத்தப் போனாள். அம்மம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "எங்களுக்கு வெண்டிக்காய்தான்."

இரண்டும் சரிதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். நாங்கள் கோவா என்பதைத் தமிழ்நாட்டில் முட்டைக்கோஸ் என்பார்கள். நாங்கள் போஞ்சி என்பது அங்கே பீன்ஸ். போஞ்சி ஒல்லாந்தர் சொல்லிலிருந்தும், கோவா போர்த்துக்கேயச் சொல்லிலிருந்தும் இலங்கைக்கு வந்தவை. மாங்காய் எங்களிடமிருந்து போர்த்துக்கேயர் வழியாகப் போய் ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. சொற்களும் காய்கறி மாதிரித்தான், கப்பல் ஏறி இறங்கும்.

இராசவள்ளிக்கிழங்கு வாங்கிய கிழமை இன்னொன்று நடந்தது. அம்மா தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு ஊதா நிறத்தில் களி கிண்டினார். மகள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். பக்கத்தில் இருந்த பிலிப்பீன்ஸ் பிள்ளை "இது ஊபே!" என்றதாம். ஓம், அதே கிழங்குதான். எங்கள் சாப்பாட்டைத் திறக்கத் தயங்கிய பிள்ளை, அன்று வெறும் பெட்டியோடு வந்தாள்.

சாப்பிட வைப்பது வேறு கதை

இதை எழுதும்போது, என் பிள்ளைகள் எல்லா மரக்கறியும் சாப்பிடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். இல்லை. இதில் எனக்கும் அம்மாவுக்கும் சண்டையே வந்தது.

பாவற்காய் சமைத்த அன்று மகள் ஒரு துண்டை வாயில் வைத்துத் துப்பிவிட்டாள். "முடிச்சிட்டுத்தான் எழும்பவேணும்" என்றார் அம்மா. எனக்குச் சின்ன வயதில் சொன்ன அதே சொல். ஒரு மணித்தியாலம் ஆறிப்போன தட்டுக்கு முன்னால் அழுதுகொண்டு இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. இன்றைக்கும் நான் பாவற்காய் சாப்பிடுவதில்லை. அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்கள் சாப்பாட்டை எறியப் பயந்த ஆக்கள், பிள்ளை" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். எதை, எப்போது, எங்கே என்று பெரியவர்கள் முடிவு செய்வது, எவ்வளவு, சாப்பிடுவதா இல்லையா என்று பிள்ளை முடிவு செய்வது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் பல வருடங்களாகச் சொல்லிவரும் முறை இது. குழந்தைகளுக்குக் கைப்பு எங்களைவிடக் கூடுதலாகவே தெரியும். புதிய சுவை ஒன்று பிடிபட எட்டு, பத்துத் தடவைகூட அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே எங்கள் வீட்டுச் சட்டம் இப்போது இதுதான்: வாயில் வைத்துப் பார், பிடிக்காவிட்டால் துப்பு, அடுத்த முறையும் தட்டில் வரும்.

மகள் பாவற்காய்க் கறி இன்னும் சாப்பிடுவதில்லை. ஆனால் சம்பலுக்குப் பொரித்து வைத்த பாவற்காயை, வெங்காயமும் தேசிக்காயும் சேர முன்னமே ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துவிடுகிறாள். பெட்டி சிப்ஸ் மாதிரி இருக்கிறதாம்.

நீங்கள் தொடங்குவதென்றால்

சமைக்கும் நாளில் ஒரு மரக்கறியையாவது வெட்டாமல் மேசையில் வையுங்கள். தொட்டு, மணந்து பார்க்கட்டும். சாப்பிடும்போது "கறி போடவா?" என்று கேட்காமல் "கத்தரிக்காய் போடவா?" என்று கேளுங்கள். இதற்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை, பலனோ பெரிது.

உங்களுக்கே பெயர் தெரியாவிட்டால் பிள்ளைக்கு முன்னால் கேளுங்கள். கடையில் பக்கத்தில் நிற்கிற அம்மாவைக் கேட்டால் பெயரோடு சமைக்கும் முறையும் சேர்த்துச் சொல்லுவார். தாத்தா, பாட்டி ஊரில் இருந்தால் வீடியோவில் காயைத் தூக்கிக் காட்டுங்கள். "சுகமா? சாப்பிட்டியா?" என்பதோடு முடியும் பேச்சு, ஒரு புடலங்காயால் பத்து நிமிடம் நீளும்.

முடிந்தால் ஒரு சாடியில் ஏதாவது நடுங்கள். இங்கே மே மாத நீண்ட வார இறுதிக்கு முன் வெளியில் வைத்தால் குளிர் கொன்றுவிடும். நாங்கள் ஏப்ரலில் யன்னலோரம் வெண்டி விதை போட்டோம். கோடையில் மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. பூ வாடி ஒரு கிழமைக்குள் காய். மொத்தமாகப் பதினொரு காய்தான் கிடைத்தது. மகன் அத்தனையையும் எண்ணினான்.

அம்மாவின் கட்டு எப்போதோ அவிழ்ந்துவிட்டது. ஆனால் கையில் பழைய பலம் இல்லை, பாரம் தூக்க முடியாது. சனிக்கிழமைக் கடை இன்னும் எங்களுடையதுதான். போன கிழமை வெளிக்கிடும்போது பட்டியலைக் கேட்டு நான் போனை எடுத்தேன். அம்மா என்னைத் தாண்டி மகளைக் கூப்பிட்டு, காதுக்குள் பட்டியலைச் சொன்னார்.

"கொம்மாவைக் கேளாதை. நீ பார்த்து எடுத்துக்கொண்டு வா."