நடந்தால் முட்டி தேயுமா?

முழங்காலில் வலி வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் கிடைக்கும் அறிவுரை, "நடக்கிறதைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்பதுதான். அறுபது வருஷம் உழைத்த முட்டி, நடக்க நடக்க மிச்சம் இருப்பதும் தேய்ந்துவிடும் என்ற கவலையில், அன்போடு சொல்வது அது. கேட்பவரும் காலை நடையை நிறுத்துகிறார். மாடியில் துணி காயப்போடும் வேலையை இன்னொருவரிடம் விடுகிறார். கடைக்குப் போக ஆட்டோ. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பல பேருக்கு வலி குறைவதற்குப் பதில் கூடியிருக்கிறது. ஏன் இப்படி? முழங்காலுக்குள் நிதானமாக ஒரு சுற்று போய்வந்தால் விளங்கிவிடும். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், அவசரம் ஒன்றுமில்லை.

வளர்ந்தவர் உடம்பில் 206 எலும்புகள் உண்டு. முழங்காலில் வந்து சந்திப்பவை அவற்றில் மூன்றே மூன்று. மேலிருந்து தொடை எலும்பு, கீழிருந்து முன்கால் எலும்பு, முன்பக்கம் முட்டிச் சில்லு. முன்கால் எலும்புக்கு வெளிப்பக்கமாக ஒல்லியாக ஓடும் இன்னொரு எலும்பு, முட்டிக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. இந்தக் கூட்டில் அது சேர்வதில்லை. தொடை எலும்பின் அடிமுனை இரண்டு உருண்டைக் குமிழ்களாக இருக்கும். அவை உட்காரும் கீழ் எலும்பின் தலையோ ஏறக்குறையத் தட்டை. இடுப்பில் அப்படி இல்லை. அங்கே தொடை எலும்பின் உருண்டைத் தலை ஆழமான குழிக்குள் பொருந்தி இருப்பதால், எலும்பின் வடிவமே மூட்டைப் பிடித்துக்கொள்கிறது. முழங்காலுக்கு அந்தச் சலுகை கிடையாது. தட்டையின்மேல் உருண்டை நிற்க வேண்டுமென்றால் சுற்றியிருப்பவர்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப் பிடித்துக்கொள்பவற்றில் முதலாவது, எலும்போடு எலும்பைக் கட்டும் பிணைநார்கள். மருத்துவமனையில் லிகமென்ட் என்பார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்துபோவது இரண்டு, ஆக முக்கியமானவை நான்கு. கபடியிலும் கால்பந்திலும் காலை ஊன்றிச் சட்டென்று திரும்பும்போது அறுந்துபோவது பெரும்பாலும் நடுவில் இருக்கும் முன்பக்க நார்.

அடுத்தது, இரண்டு குமிழ்களுக்கும் அடியில் பிறை வடிவத்தில் இருக்கும் இரண்டு பட்டைகள். "ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்று நாம் சொல்வது பல சமயம் இவற்றைத்தான். இவற்றின் கதை கேட்க வேண்டியது. 1897-இல் பிளாண்ட் சட்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், இவை ஏதோ ஒரு தசையின் வேலையற்ற மிச்சம் என்று எழுதினார். வேலையே இல்லாத ஒன்று கிழிந்தால் எடுத்துவிட வேண்டியதுதானே? அப்படியே எடுத்தும் வந்தார்கள். 1948-இல் ஃபேர்பேங்க் என்பவர், பட்டையை எடுத்துவிட்ட முட்டிகளின் எக்ஸ்ரேக்களை வைத்துக்கொண்டு அவற்றில் வரும் மாற்றங்களை விவரித்தார். இடைவெளி குறுகியிருந்தது, ஓரத்தில் எலும்பு வளர்ந்திருந்தது. தட்டைக்கும் உருண்டைக்கும் நடுவே சுமையை அகலமாகப் பரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவை அந்தப் பட்டைகள்தான். இன்று முடிந்தவரை அவற்றைக் காப்பாற்றவே பார்க்கிறார்கள்.

இப்போது தசைக்கு வருவோம். தசைக்குத் தெரிந்தது இழுப்பது ஒன்றுதான், தள்ளத் தெரியாது. அதனால் முட்டியை நீட்ட முன்தொடையில் நான்கு தசைகளும், மடக்கப் பின்தொடையில் ஒரு கூட்டமும் தேவைப்படுகின்றன. முன்தொடையின் நான்கும் சேர்ந்து ஒரே தசைநாணாகி முட்டியைக் கடந்து கீழே இறங்குகின்றன. அந்த நாணுக்குள் பொதிந்து கிடப்பதுதான் முட்டிச் சில்லு. நாணை மூட்டிலிருந்து சற்று முன்னே தள்ளி நிறுத்துவதால் அதே இழுப்புக்குக் கூடுதல் பலன் கிடைக்கிறது. பிறக்கும்போது இந்தச் சில்லு வெறும் குருத்தெலும்பு. அதில் எலும்பு உருவாகத் தொடங்குவது பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் நடுவில். காலை நீட்டி உட்கார்ந்து தொடையைத் தளர்வாக விட்டுவிட்டு இரண்டு விரலால் சில்லை நகர்த்திப் பாருங்கள். இடமும் வலமும் போகும். தொடையை இறுக்கினால் அசையாது.

இந்த முன்தொடைத் தசைதான் முழங்காலின் பிரேக்கும்கூட. படி இறங்கும்போது மடங்கிக்கொண்டே போகும் முட்டியை, நீண்டுகொடுத்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அது. அது மெலிந்துவிட்டால் ஒவ்வொரு படியிலும் கால் "தொப்"பென்று விழும். அதனால்தான் முட்டி வலிக்காரர்களில் நிறையப் பேர் ஏறுவதைவிட இறங்கத்தான் பயப்படுகிறார்கள்.

இனி நாம் தேடி வந்த இடம். மூட்டுக்குள் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. வெள்ளையாக, வழவழப்பாக, பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கும். உடம்பிலேயே தடித்தது சில்லின் பின்புறம் இருப்பது. ஆட்டுக்காலைச் சமைப்பதற்கு முன் மூட்டைப் பிரித்தவர்கள் அந்த வழவழப்பைப் பார்த்திருப்பார்கள். மூட்டைச் சுற்றியிருக்கும் உறையின் உட்சவ்வு கொஞ்சம் நீரைச் சுரக்கிறது. நல்ல முழங்காலில் அது ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. அந்தச் சொற்ப நீரும் குருத்தெலும்பும் சேர்ந்தால், பனிக்கட்டிமேல் பனிக்கட்டி நழுவுவதைவிடக் குறைந்த உராய்வில் மூட்டு அசையும்.

நாம் எல்லோரும் தவறுவது இங்கேதான். இந்தப் போர்வையை உயிரில்லாத மேல்பூச்சாக நினைத்துக்கொள்கிறோம். பூச்சு என்றால் உரச உரசக் குறையும், உரசாமல் வைத்தால் அப்படியே இருக்கும். ஆகவே நடையைக் குறை. கணக்கு சரியாகத்தான் வருகிறது, தொடங்கிய இடம்தான் தவறு. குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்குள் செல்கள் இருக்கின்றன. தம்மைச் சுற்றியிருக்கும் வலைப்பின்னலை அவைதான் பராமரிக்கின்றன. அவற்றுக்குச் சாப்பாடு வேண்டும்.

அந்தச் சாப்பாடு எப்படிப் போகிறது? உடம்பில் மற்ற இடங்களுக்கு ரத்தக் குழாய் கொண்டுபோகும். பெரியவர்களின் மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாது, நரம்பும் கிடையாது. அதன் எடையில் முக்கால் பங்குக்குப் பக்கம் நீர். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் வைத்து அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியே வரும், விட்டால் புதிய தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓர் அடி வைக்கும்போது குருத்தெலும்பு அழுந்துகிறது; காலைத் தூக்கும்போது மூட்டு நீரை உள்ளே இழுக்கிறது. சத்துகள் அந்த நீரோடும், நீரில் தாமாகப் பரவியும் உள்ளே போகின்றன. கழிவுகள் வெளியே வருகின்றன. சுமையே ஏறாத மூட்டில் இந்தப் போக்குவரத்து மந்தமாகிவிடும். அழுத்தத்தைச் செல்களும் உணர்கின்றன. எவ்வளவு பின்னல் நெய்ய வேண்டும் என்ற தகவல் அவற்றுக்கு அந்த அழுத்தத்திலிருந்துதான் கிடைக்கிறது.

தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது முழங்கால் குருத்தெலும்பு மெலிந்துகொண்டே போயிருந்தது. அவர்கள் நடக்கவே இல்லை, உராய்வே இல்லை. தேய்மானக் கணக்குப்படி அவர்கள் முட்டிதான் புதிதுபோல் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு இதைவிட வலுவாகப் படுவது எலும்புக்கூடுகளின் சாட்சி. 2017-இல் இயன் வாலஸ், டேனியல் லீபர்மன் முதலானோர், அமெரிக்காவில் ஐம்பது வயதுக்குமேல் வாழ்ந்து இறந்தவர்களின் எலும்புக்கூடுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து வெளியிட்டார்கள். போர்வை முழுதும் போய் எலும்போடு எலும்பு உரசிய மூட்டில் ஒரு பளபளப்பு ஏறியிருக்கும், அதைத்தான் தேடினார்கள். வேட்டையாடியும் விவசாயம் செய்தும் வாழ்ந்த பழங்கால மக்களில் அது சுமார் 8 சதவீதம் பேருக்கு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதையொட்டியும் வாழ்ந்தவர்களில் 6 சதவீதம். நம் காலத்துக்கு அருகில் வாழ்ந்தவர்களில் 16 சதவீதம். வயதையும் உடல் எடையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்த பிறகும், இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, குருத்தெலும்பு அழியும் இந்த நோய் இரண்டு மடங்காகியிருக்கிறது. அதிகம் நடந்தவர்கள் முன்னோர்கள். அதிகம் கெட்டிருப்பது நம்முடைய முட்டி.

ஓடுபவர்களைப் பற்றியும் அதே 2017-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு முழங்காலிலோ இடுப்பிலோ இந்த நோய் இருந்தது. உட்கார்ந்தே வாழ்பவர்களில் 10.2 சதவீதம், போட்டிக்காக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். மூட்டு நன்றாக இருப்பவர்கள்தானே தொடர்ந்து ஓடுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கும். ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு என்று அந்த எண்களிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் முட்டி கெடுவது பொய்யா? இல்லை. குருத்தெலும்பு உண்மையிலேயே குறைகிறது. ஒருமுறை அழிந்தால் திரும்பி வராது என்பதை வில்லியம் ஹண்டர் 1743-இலேயே எழுதிவைத்தார். பெரிய அளவில் அது இன்றும் மாறவில்லை. ஆனால் கெடுக்கும் காரணங்கள் வேறு. இளம் வயதில் அறுந்த நார், கிழிந்த பட்டை, குடும்ப வழி, வயது, உடல் எடை, மூட்டுச் சவ்வில் மெதுவாகப் புகையும் அழற்சி. எடை விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில், செயற்கை மூட்டுக்குள்ளேயே உணர்கருவி பொருத்தி அளந்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கும், படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கும் முழங்காலில் இறங்குகிறது. உடம்பில் கூடும் ஒரு கிலோ, முட்டிக்கு ஒரு கிலோவாகப் போய்ச் சேர்வதில்லை.

வலியும் நாம் நினைக்கும் இடத்திலிருந்து வருவதில்லை. குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்று பார்த்தோமே, அதனால் அது தேய்வதை அதனாலேயே உணர முடியாது. வலி எழுவது அடியில் இருக்கும் எலும்பிலிருந்து, சவ்விலிருந்து, சுற்றியுள்ள உறையிலிருந்து. எக்ஸ்ரேயில் பயமுறுத்தும் முட்டியோடு மலை ஏறுபவர்களும், சுத்தமான எக்ஸ்ரேயோடு நடக்கச் சிரமப்படுபவர்களும் இருப்பதற்கு இது ஒரு காரணம். படத்தை மட்டும் பார்த்து மனதை விட்டுவிடக் கூடாது. உட்கார்ந்து எழும்போது வரும் "மடக் மடக்" சத்தமும் அப்படித்தான். வலியோ வீக்கமோ இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

வலி இருக்கும்போது எவ்வளவு அசையலாம் என்பதுதான் அடுத்துக் கேட்கத் தோன்றுவது. டென்மார்க்கில் 2013-இல் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு முறையாக ஆறு வாரம் பயிற்சி தருகிறார்கள். அங்கே நோயாளிக்குச் சொல்லும் அளவுகோல் எளிமையானது. பத்துக்கு ஐந்துவரை வலித்தால் பரவாயில்லை; ஆனால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அளவைக் குறைக்க வேண்டுமே தவிர நிறுத்தக் கூடாது. வீட்டில் தொடங்க நாற்காலி ஒன்று போதும். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக, பிரேக் பிடித்தபடி உட்காருவது. அது கடினமென்றால் நாற்காலிமேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். தொடைக்கு வலு வரவர தலையணையை எடுத்துவிடலாம். குந்தி உட்காருவதும் சம்மணமிடுவதும் வலிக்காத வரை விலக்கல்ல; வலித்தால் அந்தச் சமயத்துக்கு மட்டும் உயரமான இருக்கைக்கு மாறிக்கொண்டு நடையைத் தொடரலாம்.

முட்டி திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, அடிபட்ட பிறகு காலை ஊன்ற முடியாமல் போனாலோ, பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டாலோ, நாற்காலிப் பயிற்சி எதுவும் செய்யாமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.