சந்தாபுராவின் ஓட்டுக் கணக்கு

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் பஸ், அத்திப்பள்ளியைத் தாண்டிச் சற்று நேரத்தில் சந்தாபுரா சந்திப்பில் திணறி நிற்கும். ஆனேக்கல் சாலைக்குத் திரும்பும் லாரிகள், பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிகள், நடுவே புகுந்து ஓடும் ஷேர் ஆட்டோக்கள். இங்கே இறங்குபவர்களில் பலருக்கு வீடு இங்கே, வேலை இங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இங்கே. ஓட்டு மட்டும் கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ இருக்கும்.

தேர்தல் வேலை தெரிந்தவர்கள் முதலில் கவனிப்பது இதைத்தான். ஒரு சட்டசபைத் தொகுதியில் இரண்டு மூன்று லட்சம் வாக்காளர்கள் இருப்பார்கள். புரசபை வார்டு அப்படியல்ல. சில நூறு ஓட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தால் ஆள் மாறிவிடும். நான்கைந்து தெருக்காரர்கள் ஒன்றுகூடி, "ஓட்டைப் பிரிக்க வேண்டாம், ஜெயிக்கக்கூடிய ஒருவருக்கே போடுவோம்" என்று முடிவு செய்தால் அது பலிக்க வாய்ப்புள்ள இடம் உள்ளாட்சித் தேர்தல்தான்.

கிராமமாக இருந்து புரசபையாக உயர்ந்த ஊர் சந்தாபுரா. 2021 டிசம்பர் 27 அன்று கர்நாடகத்தில் 58 நகர உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடந்தபோது சந்தாபுராவும் பக்கத்து ஜிகனியும் அந்தப் பட்டியலில் இருந்தன. மாநிலத்தை அப்போது ஆண்டது பாரதீய ஜனதா. ஆனால் மொத்தம் 1,184 வார்டுகளில் காங்கிரசுக்கு 501, பா.ஜ.க.வுக்கு 433, மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கு 45. எஞ்சிய சுமார் 200 வார்டுகளைப் பிடித்தவர்கள் சுயேச்சைகளும் சிறு கட்சிகளும். கட்சிச் சின்னம் இல்லாமலே ஒரு வார்டைப் பிடிக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வார்டு உறுப்பினர் யார் என்பது இந்த ஊருக்குச் சின்ன விஷயமல்ல. சந்தாபுரா ஏரியில் ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்து வந்ததைத் தடுக்கத் தவறியதற்காக, 2022 அக்டோபரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. தீர்ப்பு டெல்லியிலிருந்து வரலாம். தெருச் சாக்கடை எந்தப் பக்கம் ஓட வேண்டும், குப்பையை யார் அள்ளுவது என்பதெல்லாம் புரசபைக் கூட்டத்தில்தான் பேசப்பட்டாக வேண்டும்.

ஓட்டு சிதறினால் என்ன ஆகும் என்பதைக் கர்நாடகம் போல அனுபவித்த மாநிலம் குறைவு. 2018 சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது சுமார் 38 சதவீதம், பா.ஜ.க. 36 சதவீதம். இடங்களோ தலைகீழ்: முடிவு வெளியான நாளில் பா.ஜ.க.வுக்கு 104, காங்கிரசுக்கு 78. சில வாரங்களில் பெங்களூர் ஜெயநகரில், வேட்பாளர் மறைவால் தள்ளிப்போயிருந்த தேர்தல் வந்தது. அதற்குள் கூட்டணி ஆட்சி அமைத்துவிட்ட ஜனதா தளம் தன் வேட்பாளரை விலக்கிக்கொள்ள, காங்கிரசின் சௌம்யா ரெட்டி மூவாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தேறினார். 2023-ல் அந்த உறவு இல்லை. நள்ளிரவு வரை நீண்ட மறு எண்ணிக்கைக்குப் பின் அதே சௌம்யா ரெட்டி 16 ஓட்டில் தோற்றார். அவர் பெயரையே கொண்ட ஒரு சுயேச்சை வாங்கிய ஓட்டு இந்த 16-ஐவிடப் பல மடங்கு அதிகம்.

இதையும் மிஞ்சியது 2004-ன் சந்தேமரஹள்ளி. அங்கே துருவநாராயணா ஜெயித்தது ஒரே ஒரு ஓட்டில். தோற்ற கிருஷ்ணமூர்த்தியின் கார் டிரைவர் அன்று ஓட்டுப்போடப் போக முடியவில்லை என்ற கதை இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது.

கட்சிகள் செய்யாத ஒருங்கிணைப்பை வாக்காளர்களே செய்தால் என்ன என்ற யோசனையுடன் 2023-ல் புறப்பட்டது 'எத்தேளு கர்நாடகா' இயக்கம். 'எழுந்திரு கர்நாடகா' என்று பொருள். தலித், விவசாய, தொழிலாளர், சிறுபான்மை, மகளிர் அமைப்புகள் பல சேர்ந்த மேடை இது. எழுத்தாளர் தேவனூர் மகாதேவா போன்றவர்கள் துணை நின்றனர். பா.ஜ.க.வைத் தோற்கடிப்பதே நோக்கம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். நூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் விடுபட்டவர்களைச் சேர்த்தார்கள். ஓட்டைப் பிரிக்கக்கூடிய சிறு வேட்பாளர்களிடம் போய் விலகிக்கொள்ளும்படி பேசினார்கள். முடிவில் காங்கிரஸ் சுமார் 43 சதவீத ஓட்டுடன் 135 இடம் பிடித்தது. இதில் இயக்கத்தின் பங்கு எவ்வளவு, விலைவாசிக் கோபத்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஓட்டுப்பெட்டி ரகசியமானது, யார் யார் பேச்சைக் கேட்டார்கள் என்று அது காட்டிக்கொடுக்காது.

இந்த வழிக்கு எதிர்ப்பும் உண்டு. அது நியாயமானதும்கூட. "எங்கள் ஆள் ஜெயிக்க மாட்டார் என்று நீங்களே ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னால் நாங்கள் வளர்வது எப்போது?" என்பது சிறு கட்சிகளின் மனக்குறை. அடுத்து, ஓட்டைத் திரட்டுவது என்று தொடங்குவது சாதிக் கூட்டத்திலோ மதக் கூட்டத்திலோ போய் முடியும் ஆபத்து. மதம், சாதி, மொழி ஆகியவற்றைச் சொல்லி ஓட்டுக் கேட்பது முறைகேடு என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் பெஞ்ச் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் விளக்கியது. தமிழர் ஓட்டு, தெலுங்கர் ஓட்டு என்று வார்டுக்கு வார்டு கணக்குப் போடும் ஓசூர் சாலைப் பிரமுகர்கள் அந்தத் தீர்ப்பைப் படித்ததாகத் தெரியவில்லை.

வெளிநாட்டிலும் இது புதிதல்ல. 1997-ல் பிரிட்டனின் டாட்டன் தொகுதியில் லஞ்சப் புகாருக்கு ஆளான கன்சர்வேடிவ் எம்.பி. நீல் ஹாமில்டனை வீழ்த்த, தொழிற்கட்சியும் லிபரல் டெமாக்ரட்டுகளும் தங்கள் வேட்பாளர்களை விலக்கிக்கொண்டு, பி.பி.சி. நிருபராக இருந்த மார்ட்டின் பெல்லுக்கு வழிவிட்டனர். வெள்ளைக் கோட்டு அணிந்த அந்தச் சுயேச்சை 11,077 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சந்தாபுராவைச் சுற்றியுள்ள கிராமங்களில் கணக்கு இன்னும் நுட்பமானது. கர்நாடக கிராமப் பஞ்சாயத்தில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒரே வார்டில் இரண்டு, மூன்று என்று பல உறுப்பினர்கள் தேர்வாவது வழக்கம். எத்தனை இடமோ அத்தனை ஓட்டு ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு போட முடியாது. மூன்று இடம், மூன்று ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். தம் ஆளுக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, மீதி இரண்டைப் பழக்க தோஷத்துக்காக மற்றவர்களுக்குப் போடுபவர், தம் ஆளின் போட்டியாளர்களுக்குத் தாமே ஏணி வைக்கிறார். அதனால்தான் ஊர்ப் பெரியவர்கள் "ஒன்றைப் போட்டு மடித்துவிடு" என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிடுகிறார்கள். பாடப் புத்தகம் படித்தா இதைக் கற்றார்கள்?

ஆனால் இந்தச் சாமர்த்தியம் எல்லாம் பட்டியலில் பெயர் இருந்தால்தான். உள்ளாட்சித் தேர்தலுக்கும் அடிப்படை சட்டசபை வாக்காளர் பட்டியலே. 2022-ல் பெங்களூரில், ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் விழிப்புணர்வு என்ற பெயரில் வீடு வீடாகச் சென்று வாக்காளர் விவரங்களைச் சேகரித்ததாகப் புகார் கிளம்பியது. ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரா தொகுதிகளின் பட்டியலை மீண்டும் சரிபார்க்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. பெயர் நீங்கியதே தெரியாமல் வரிசையில் நின்று திரும்புபவர்கள் எல்லாத் தேர்தலிலும் உண்டு.

இரண்டு ஊரில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி கூடாது. ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் ஓட்டுக்கும் போய்வரும் சந்தாபுராத் தமிழருக்கு இது மனசு கேட்காத விஷயம். அப்பா, தாத்தா பெயருக்குக் கீழே அச்சாகியிருக்கும் பெயரை அடித்துவிட்டு, வாடகை வீட்டு விலாசத்தில் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் மறுபடியும் விலாச மாற்றம்.

இத்தனையும் கடந்து ஒரு வார்டைப் பிடித்தாலும் ஆட்டம் அங்கே முடிவதில்லை. புரசபைத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்தலில் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் ஓட்டு உண்டு. இரு கட்சிகள் சமபலத்தில் நிற்கும் மன்றத்தில், தெருக்காரர்கள் பாடுபட்டு அனுப்பிய சுயேச்சையின் வீட்டு வாசலில் அன்று காலையிலேயே கார்கள் வந்து நின்றுவிடும்.