விசா மறுப்புக் கடிதம் வந்துவிட்டதா? அப்பீலுக்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி!

செல்போனில் ஒரு பி.டி.எஃப் வந்து விழும். முதல் பத்தியில் மரியாதையாக நலம் விசாரிப்பதுபோல ஆரம்பித்து, மூன்றாவது பத்தியில் 'உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது' என்று முடித்துவிடும். விசா வந்ததும் சொந்தக்காரர்களுக்கு மக்கன் பேடா வாங்கிக் கொடுக்கலாம் என்று காத்திருந்த ஆற்காட்டு வீட்டில், அன்று ராத்திரி யாருக்கும் சாப்பாடு இறங்காது. மறுநாள் காலையில் ஏஜென்ட் போனில் சொல்வார்: "கவலைப்படாதீங்க தம்பி, அப்பீல் போட்டுடலாம். இன்னும் கொஞ்சம் பணம் மட்டும் ரெடி பண்ணுங்க."

இந்த இடத்தில்தான் நிதானம் தேவை. எல்லா மறுப்புக்கும் அப்பீல் கிடையாது. அப்பீல் இருக்கும் இடத்திலும், விண்ணப்பித்தவர் போட வேண்டியது ஒன்று, முதலாளி போட வேண்டியது வேறொன்று. இதைப் பிரித்துப் பார்க்காமல் கட்டும் பணம் திரும்பி வராது.

தோல் தொழிலை நம்பியிருந்த ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் குடும்பங்களில் அடுத்த தலைமுறை வேறு வேலைகளுக்குப் போக ஆரம்பித்து வெகுகாலம் ஆகிறது. அதில் முக்கியமானது ஓட்டல் தொழில். வேலூர் சி.எம்.சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் நடந்து பாருங்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகளுக்காக வரிசையாக லாட்ஜ்கள், பெங்காலியில் போர்டுகள். ஸ்ரீபுரம் பொற்கோயில் வந்த பிறகு தங்கும் விடுதிகள் இன்னும் பெருகின. ஆம்பூர் பிரியாணிக் கடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேட்டரிங் படித்துவிட்டு இங்கே ஐந்தாறு வருடம் ரிசப்ஷனிலும் ரெஸ்டாரன்டிலும் நின்றவருக்கு இந்தி தெரியும், பெங்காலி கொஞ்சம் புரியும், ஆங்கிலத்தில் சமாளிப்பார், கோபமாக வரும் வாடிக்கையாளரை உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பவும் தெரியும். வெளிநாட்டு ஓட்டலுக்கு மேனேஜராகப் போகத் தகுதியான ஆள்தான். ஆனால் அந்தத் தகுதி காகிதத்தில் இருக்கிறதா என்பதைத்தான் விசா அதிகாரி பார்ப்பார்.

மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: தவறு யாருடைய காகிதத்தில் இருக்கிறது? என்னுடையதிலா, எனக்கு வேலை கொடுப்பதாகச் சொன்ன நிறுவனத்தின் காகிதத்திலா?

இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரிட்டனில் நடந்த ஒரு வழக்கே சாட்சி. பதான் என்ற இந்தியர் அங்கே ஒரு நிறுவனத்தில் வணிக மேம்பாட்டு மேலாளராக இருந்தார். ஓட்டல் மேனேஜர் இல்லைதான். ஆனால் அவர் வைத்திருந்ததும் நிறுவனத்தின் ஸ்பான்சரில் கிடைக்கும் திறன் பணியாளர் விசாதான். விசா முடிவதற்கு முன்பே, 2015 செப்டம்பர் 2-ம் தேதி, நீட்டிப்புக்கு விண்ணப்பித்தார். அவர் பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. விண்ணப்பம் மாதக்கணக்கில் பரிசீலனையில் கிடந்தது. 2016 மார்ச் 7-ம் தேதி, அவருடைய நிறுவனத்தின் ஸ்பான்சர் லைசென்ஸை பிரிட்டன் உள்துறை ரத்து செய்தது. அதை அவருக்கு யாருமே சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, ஜூன் 7-ம் தேதி, ஸ்பான்சர் இல்லை என்று காரணம் காட்டி அவர் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அந்த மூன்று மாதத்தில் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் வேறு நிறுவனத்தைத் தேடியிருக்கலாம், வேறு வகை விசாவுக்கு முயற்சி செய்திருக்கலாம், இல்லையென்றால் கௌரவமாக ஊர் திரும்பியிருக்கலாம்.

மறுபரிசீலனை கேட்டார்; தோற்றார். தீர்ப்பாயத்துக்குப் போனார், தோற்றார். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது. கடைசியில் 2020 அக்டோபர் 23-ம் தேதி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஸ்பான்சர் லைசென்ஸ் ரத்தானதை அவருக்கு உடனே தெரிவிக்காதது நியாயமான நடைமுறை ஆகாது என்றது. அதோடு, தெரிவித்துவிட்டு வேறு ஏற்பாடு செய்துகொள்ள அவகாசமும் தர வேண்டுமா என்ற கேள்வியும் வந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. சொல்லத்தான் வேண்டும், நேரம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஐந்து வருடப் போராட்டத்தில் பாதி வெற்றி என்று சொல்லலாம். அந்த ஐந்து வருடமும் ஒரு மனிதரின் வேலை செய்யும் வயதில் போனது என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

சரி, இன்றைக்கு ஆற்காட்டிலிருந்து பிரிட்டனுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டால் என்ன வழி? நாம் நினைக்கிற மாதிரி நீதிபதி முன்னால் நின்று வாதாடும் அப்பீல் வேலை விசாவுக்கு அங்கே கிடையாது. 'நிர்வாக மறுபரிசீலனை' என்ற ஒன்றுதான் உண்டு. பிரிட்டனுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்தவருக்கு 28 நாள், உள்ளே இருந்து விண்ணப்பித்தவருக்கு 14 நாள் அவகாசம். கட்டணம் 80 பவுண்டு. அதே உள்துறையின் வேறொரு அதிகாரி கோப்பை எடுத்து, முதல் அதிகாரி தவறு செய்தாரா என்று பார்ப்பார். அவ்வளவுதான். 'அப்போ கொடுக்க மறந்துட்டேன், இப்போ தர்றேன்' என்று புதிய ஆவணத்தை நீட்டினால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொடுத்த வங்கிக் கணக்கை அதிகாரி சரியாகப் படிக்கவில்லை என்றால் மறுபரிசீலனை கேட்பதில் அர்த்தம் உண்டு. வங்கிக் கணக்கையே கொடுக்கவில்லை என்றால் புதிதாக விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம். ஒன்று கவனம்: மறுபரிசீலனை நடக்கும்போதே புது விண்ணப்பம் போட்டால் மறுபரிசீலனை ரத்தாகிவிடும். 'ரெண்டையும் ஒண்ணா போட்டு வைப்போம்' என்று சொல்லும் ஏஜென்ட்டுக்கு இது தெரியவில்லை என்று அர்த்தம். அல்லது தெரிந்தே சொல்கிறார்.

ஓட்டல் மேனேஜர்களுக்கு பிரிட்டனில் இன்னொரு பெரிய சிக்கல் இருக்கிறது. 2025 ஜூலை 22 முதல், பட்டப்படிப்பு நிலையில் உள்ள வேலைகளுக்கு மட்டுமே புதிதாகத் திறன் பணியாளர் விசா என்று விதியை இறுக்கிவிட்டார்கள். பொதுவான சம்பள வரம்பும் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. ஓட்டல், ரெஸ்டாரன்ட் மேலாளர் வேலைகள் அந்த நிலைக்குக் கீழே வைக்கப்பட்டுள்ளன. ஏற்கெனவே அந்த விசாவில் அங்கே இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. ஊரிலிருந்து புதிதாகப் போக நினைப்பவர்களுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. இந்தக் காரணத்துக்காக மறுக்கப்பட்ட விண்ணப்பத்துக்கு எத்தனை முறை மறுபரிசீலனை கேட்டாலும் பலன் இருக்காது.

பட்டியலையே எதிர்த்து வழக்குப் போட முடியாதா? ஒருவர் போட்டு ஜெயித்திருக்கிறார். ஆல்வி என்ற பிசியோதெரபி உதவியாளருக்கு, அவருடைய வேலை போதுமான திறன் நிலையில் இல்லை என்று விசா நீட்டிப்பு மறுக்கப்பட்டது. அந்தத் திறன் பட்டியல் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படாத ஆவணத்தில் இருந்ததால், அதை வைத்து மறுத்தது செல்லாது என்று 2012 ஜூலை 18-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? பட்டியல்களைத் தூக்கி விதிகளுக்குள்ளேயே போட்டுவிட்டது. ஆல்வி நுழைந்த ஓட்டை அப்போதே அடைபட்டது.

ஆஸ்திரேலியா கதை வேறு. ஓட்டல் மேனேஜர் வேலைக்கான தற்காலிகத் திறன் விசா மறுப்பைப் பற்றிப் பேசினால், அப்பீல் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் அங்கேதான் இருக்கிறது. '482' என்று நம் பையன்கள் நம்பரிலேயே சொல்லும் அந்த விசா, 2024 டிசம்பர் 7-ம் தேதி 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' என்று பெயர் மாறியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 14-ம் தேதி, பழைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டு நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் வந்தது. பிரிட்டனைப்போல அல்லாமல், இந்தத் தீர்ப்பாயம் விண்ணப்பத்தை முதலிலிருந்து பார்க்கும். புதிய ஆவணங்களைக் கொடுக்கலாம், விசாரணையில் பேசலாம். கட்டணம் 3,500 ஆஸ்திரேலிய டாலரை ஒட்டி இருக்கிறது. நம் பணத்தில் சுமார் 2 லட்சம் ரூபாய். ஜெயித்தால் பாதி திரும்பக் கிடைக்கும். அவகாசம் 28 நாள். 29-வது நாள் கண்ணீர் விட்டாலும் தீர்ப்பாயத்தால் நீட்டிக்க முடியாது. மறுஆய்வு கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா, யார் கேட்க வேண்டும் என்பது மறுப்புக் கடிதத்திலேயே எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் பலர் படிப்பதில்லை.

இங்கேயும் அதே கேள்விதான் வந்து நிற்கிறது. ஆஸ்திரேலிய விசா மூன்று படிகள் கொண்டது. நிறுவனம் ஸ்பான்சராக அங்கீகாரம் வாங்க வேண்டும். 'இந்த வேலைக்கு இந்த ஆள்' என்று நியமனம் செய்து ஒப்புதல் பெற வேண்டும். அதன் பிறகுதான் உங்கள் விசா. நடுப்படி இடிந்தால் மேல்படி நிற்காது. நிறுவனத்தின் நியமனம் நிராகரிக்கப்பட்டதால் உங்கள் விசா மறுக்கப்பட்டது என்றால், நீங்கள் மட்டும் 2 லட்சம் கட்டி அப்பீல் போடுவதில் பயன் இல்லை. நியமனத்துக்கு நிறுவனமும் மறுஆய்வு கேட்க வேண்டும், அல்லது புதிய நியமனத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். தீர்ப்பு வரும் நாளில் ஒப்புதல் பெற்ற நியமனம் கையில் இல்லை என்றால், உங்கள் சமையலறை அனுபவத்தைப் பற்றித் தீர்ப்பாயம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தள்ளுபடி செய்யலாம்.

நியமனம் ஏன் நிராகரிக்கப்படுகிறது? ஓட்டல் துறையில் பெரிய கண்ணி ஒன்று உண்டு. 'கஃபே அல்லது ரெஸ்டாரன்ட் மேனேஜர்' என்று விண்ணப்பித்தால், அது மேஜைக்கு வந்து பரிமாறும் முழு ரெஸ்டாரன்டாக இருக்க வேண்டும். ஃபாஸ்ட் ஃபுட், டேக் அவே, மாலுக்குள் இருக்கும் காபி ஷாப், கவுன்டரில் வாங்கிக்கொள்ளும் பீட்சா கடை போன்றவை ஏற்கப்படாது. சம்பளமும் வரம்புக்குக் கீழே இருக்கக் கூடாது. 2025 ஜூலை 1-ல் அது ஆண்டுக்கு 76,515 டாலராக இருந்தது. போர்டில் 'ரெஸ்டாரன்ட்' என்று எழுதியிருப்பது போதாது. அந்தக் கடைக்கு மேனேஜர் நிஜமாகவே தேவையா, எத்தனை மேஜை, எத்தனை ஊழியர் என்றெல்லாம் தோண்டுவார்கள். ஆறு மேஜையும் மூன்று ஊழியரும் உள்ள கடைக்கு மேனேஜர் எதற்கு என்று அதிகாரி கேட்டால், அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டியவர் கடைக்காரர்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வேலை விசா மறுக்கப்பட்டால் அப்பீல் இல்லை. அங்கே உள்ள நிறுவனத்தின் மனு நிராகரிக்கப்பட்டால் நிறுவனம்தான் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கனடா என்றால் பெடரல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு, வெளிநாட்டில் இருப்பவர் 60 நாளுக்குள் போகலாம். ஆனால் அந்த நீதிமன்றம் விசா கொடுக்காது, முடிவு நியாயமாக எடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பும்.

இப்போது நம் பக்கத்துக் காகிதம். வேலூர் லாட்ஜில் நான்கு வருடம் மேனேஜர். சம்பளம் கையில் ரொக்கம். பி.எஃப் கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது, நியமனக் கடிதம் கிடையாது. விசாவுக்குக் கேட்கும்போது முதலாளி லெட்டர் ஹெட்டில் ஒரு அனுபவச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பார். அதில் உள்ள எண்ணுக்கு ஒருநாள் தூதரகத்திலிருந்து போன் வரும். கவுன்டரில் நிற்கும் புதுப் பையன் எடுத்து, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்பான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாது. ஆனால் கோப்பில் 'சரிபார்க்க முடியவில்லை' என்று ஏறிவிடும். உண்மையாக உழைத்தவர் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

இந்த மாதிரி மறுப்பை, மறுஆய்வில் புதிய ஆவணம் ஏற்கும் நாடாக இருந்தால், சரிசெய்ய வழி உண்டு. லாட்ஜின் ஜி.எஸ்.டி பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், உங்கள் கையெழுத்துள்ள பழைய ரிஜிஸ்டர் பக்கங்கள், சப்ளையருக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் ஆர்டர்கள், மாதாமாதம் வங்கியில் போட்ட பணம், உடன் வேலை செய்தவர்களின் உறுதிமொழிக் கடிதம் என ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

வேலையே செய்யாத கடையின் பெயரில் சான்றிதழ் வாங்கியவருக்கு இந்த வழி கிடையாது. பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் 10 ஆண்டுகள் வரை விசா மறுக்கப்படலாம். ஆஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கு 3 ஆண்டுத் தடை. 'ஏஜென்ட்தான் செஞ்சார், எனக்குத் தெரியாது' என்று தப்பிப்பது கடினம்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடலாம். இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒரு ஆளிடம் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும்தான். அவர் பதிவுபெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். பிரிட்டனில் திறன் பணியாளருக்கான ஸ்பான்சர் லைசென்ஸ் கட்டணம், ஸ்பான்சர் சான்றிதழ் கட்டணம் ஆகியவற்றைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்று 2024 டிசம்பர் 31 முதல் விதி இருக்கிறது. 'சி.ஓ.எஸ்-க்கு 10 லட்சம்' என்று யாராவது கேட்டால், அது எந்தச் செலவு என்று அவரிடமே எழுதி வாங்கிப் பாருங்கள்.

லைசென்ஸ் வைத்திருக்கும் நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. பெயரைத் தேட இரண்டு நிமிடம் ஆகும். விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை பார்த்தால் போதாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் நாட்களிலும் வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 2016 மார்ச்சில் தன் நிறுவனத்தின் லைசென்ஸ் பறிபோனது பதானுக்குத் தெரியவந்தது, ஜூனில் மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான்.