சட்டப்படியான ஆட்சிப்பரப்பும் நடைமுறை ஆட்சிப்பரப்பும்

அனைத்துலகச் சட்டத்தில், ஒரு நிலப்பரப்பின் மீது ஓர் அரசுக்குள்ள சட்ட உரிமையும், அங்கு உண்மையில் நடைபெறும் ஆட்சியும் வெவ்வேறாகக் கருதப்படுகின்றன. சட்டப்படி அமைந்த நிலை டி ஜூரே எனவும், நடைமுறையில் உள்ள நிலை டி ஃபாக்டோ எனவும் அழைக்கப்படுகின்றன. இவை இலத்தீன் சொற்கள் ஆகும்.

முக்கிய சொற்கள்

* உரிமைகோரல்: ஒரு பகுதி தனக்குரியது என ஓர் அரசு அறிவித்தல். இது மட்டுமே சட்ட உரிமையை ஏற்படுத்தாது.
* இறைமை: ஒரு பகுதியை ஆள்வதற்குச் சட்டம் ஏற்கும் உரிமை.
* நடைமுறைக் கட்டுப்பாடு: படை, காவல்துறை, நிர்வாகம் ஆகியவற்றின் மூலம் ஒரு பகுதியை உண்மையில் ஆளுதல்.
* ஆக்கிரமிப்பு: 1907 ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 42 ஆம் விதியின்படி, எதிரிப் படையின் அதிகாரத்தின் கீழ் உண்மையில் வந்துவிட்ட பகுதி ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியாகும். ஆக்கிரமிப்பினால் இறைமை கைமாறுவதில்லை.

எடுத்துக்காட்டு: சைப்பிரசு

சைப்பிரசு 1960 இல் விடுதலை பெற்றது. 1974 இல் துருக்கியப் படைகள் தீவின் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட வடபகுதியைக் கைப்பற்றின. 1983 இல் அங்கு வட சைப்பிரசு துருக்கியக் குடியரசு அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பு சட்டப்படி செல்லாதது என ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை தனது 541 ஆம் தீர்மானத்தில் கூறியது. துருக்கி மட்டுமே அதனைத் தனிநாடாக ஏற்றுள்ளது.

2004 இல் சைப்பிரசுக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தது. சட்டப்படி வடபகுதியும் அக்குடியரசுக்கு உரியது. ஆயினும், குடியரசின் நடைமுறைக் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளில் ஒன்றியத்தின் சட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

பொறுப்பு

கட்டுப்பாடு உரிமையைத் தராவிடினும் பொறுப்பைத் தருகிறது. வடபகுதியில் தனது நிலத்திற்குச் செல்ல இயலாத சைப்பிரசுப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. நிலம் அவருக்கே சொந்தம் என்றும், அப்பகுதியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதால் துருக்கியே உரிமை மீறலுக்குப் பொறுப்பு என்றும் அது முடிவு செய்தது.

மக்களின் நிலை

ஓர் ஆட்சியை ஏற்க மறுப்பதன் சுமை அங்கு வாழும் மக்கள் மீது விழக்கூடும். நமீபியாவில் தென்னாப்பிரிக்கா தொடர்ந்து இருப்பது சட்டவிரோதமானது என அனைத்துலக நீதிமன்றம் 1971 இல் கருத்துரை வழங்கியது. எனினும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைப் புறக்கணித்தால் மக்களுக்கே பாதிப்பு ஏற்படும் என்பதால், அவற்றைச் செல்லாதவையாகக் கொள்ளலாகாது எனவும் அது கூறியது.