மூடுபனி வந்தால் பாதையை மாற்றுங்கள்!

கொடைக்கானல் போகும் குடும்பங்கள் பலவும் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு நடக்கத் திட்டமிடுகின்றன. போகும்போது இறக்கம், குழந்தைகள் துள்ளி ஓடுவார்கள். திரும்பி ஏறும்போதுதான் தாத்தா, பாட்டிக்கு மூச்சு வாங்கும். மழை பெய்திருந்தால் மரவேர்கள் வழுக்கும். பாறை நுனியிலோ கிடுகிடு பள்ளம். மூடுபனி இறங்கிவிட்டால் விளிம்பும் தெரியாது, பார்க்கப் போன பள்ளத்தாக்கும் தெரியாது. அப்புறம் எதற்கு அந்த அவஸ்தை?

அன்றைக்கு ஏரியைச் சுற்றிய சாலையில் நடக்கலாம். சுமார் 5 கிலோமீட்டர். களைத்தவர்கள் பாதியிலேயே டீ குடித்துவிட்டு வண்டி பிடித்துவிடலாம். 1872-ல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் இன்னும் சுலபம், ஒரு கிலோமீட்டர்தான்.

டால்பின் நோஸை ஊர் திரும்பும் நாளில் வைக்காதீர்கள். முதல் நாள் காலையிலேயே வைத்தால், பனி வந்தாலும் மறுநாள் கையில் இருக்கும்.